அறிவேன்



அறிவுக்கும் சாட்சிக்கும் உள்ள உறவைப் பற்றி இந்த அறக்கட்டளையின் அவையில் பேச வந்திருக்கிறேன். இதில் எனக்கு நேர் பழக்கம் உண்டு. கீழமை நீதிமன்றங்களில் வக்கீலாக நின்றே என் வாழ்நாளின் பெரும்பகுதி போயிற்று. ஆயிரக்கணக்கான பேர் கூண்டில் ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரை மட்டும் மறக்க முடியவில்லை. அவரைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மற்றதற்குப் போக முடியும்.

நான் ஜூனியராகச் சேர்ந்த இரண்டாவது வருஷம். கொங்குப் பக்கத்தில் ஒரு ஊர். வண்டித்தடத் தகராறில் ஒருவரை அரிவாளால் வெட்டிவிட்டார்கள். ஆடு மேய்க்கும் ஒரு அம்மாள் அதைப் பார்த்த சாட்சி. எழுபதைத் தாண்டிய வயது. டவாலி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்து ஏறினார். என் சீனியர் எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், தரப்பு. குறுக்கு விசாரணையில் கேட்டார்:

"சம்பவம் நடந்தப்போ மணி என்ன?"

"ஆடு பட்டிக்குத் திரும்புற நேரமுங்க."

"அதைக் கேட்கலை. உங்க கையில கடிகாரம் இருந்துச்சா?"

"மணி கடியாரத்துக்குத் தெரியுமுங்க. பொழுது எனக்குத் தெரியுமுங்க."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, மேற்கொண்டு சொன்னார்: "அவன் வேலாமரத்தடியில நின்னானுங்க. மரத்து நெழலு கெணத்து மேட்டத் தொட்டுட்டு இருந்துச்சுங்க. அப்பத்தான் வெட்டுனான்."

நீதிபதி தட்டச்சரிடம் சொல்லி வாக்குமூலத்தில் ஏற்றியது ஒரே வரி: 'சம்பவம் நடந்தது மாலை சுமார் 6 மணி இருக்கும்.' மரம் இல்லை, நிழல் இல்லை, கிணற்று மேடு இல்லை. பிறகு சட்டப்படி அதை அவருக்கு வாசித்துக் காட்டினார்கள். "நா மணி சொல்லலீங்களே" என்றார் மெதுவாக. அதற்குள் எழுத்தர் அவருடைய கட்டைவிரலைப் பிடித்து மை டப்பாவில் ஒற்றிவிட்டார்.

சம்பவம் நடந்தது மார்கழி மாதம். வாதத்தின்போது என் சீனியர் அந்த ஒற்றை வரியை எடுத்துக்கொண்டார். மார்கழியில் ஆறு மணிக்கு வெளிச்சம் மங்கிவிடும். அத்தனை தூரத்திலிருந்து எழுபது வயதுக் கண்ணுக்கு ஆள் அடையாளம் எப்படித் தெரியும்? புகார் கொடுத்தவர் வேறு ஐந்து மணி என்று சொல்லியிருக்கிறார். இது முரண்பாடு அல்லவா? சந்தேகத்தின் பலன் எதிரிகளுக்குப் போயிற்று. விடுதலை.

நிழல் விழுந்தது என்றால் வெயில் இருந்தது என்று பொருள். வெளிச்சம் இருந்ததா என்ற கேள்வி எழுவதற்கு முன்பே அந்த அம்மாள் அதற்குப் பதில் சொல்லிவிட்டார். கடிகாரத்தை விட நம்பகமான பதில் அது. கிணறும் மரமும் அங்கேயே இருந்தன, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்திருக்கலாம். அவர் சொன்னதைச் சொன்னபடியே நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எதிரிகள் தரப்பு ஜூனியர் எழுந்து சாட்சிக்குச் சாதகமாகப் பேச முடியாது என்பது தொழில் முறை. அது எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன் என்பதும் உண்மை. அதை இன்றைக்கு இந்த அவையில் சொல்கிறேன்.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் சாட்சியை 'விட்னஸ்' என்கிறோம். சாதுரியமான பேச்சை 'விட்' என்கிறோம். இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. பழைய ஆங்கிலத்தில் 'விட்டான்' என்றால் அறிதல். 'விட்' முதலில் குறித்தது மனத்தை, அறிவை. சிரிக்க வைக்கும் பேச்சு என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 'விட்னஸ்' என்ற சொல்லுக்கும் தொடக்கத்தில் அறிவு என்றே பொருள். அறிந்ததை எடுத்துச் சொல்வது, சொல்கிற ஆள் என்று அது பிறகு விரிந்தது. நாம் வித்தை என்கிறோமே, வேதம் என்கிறோமே, அவற்றின் மூலமும் அதே வேர்தான். லத்தீனில் அது பார்த்தல் ஆயிற்று. நம் கையிலுள்ள செல்போனில் வீடியோவாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

நாம் வழங்கும் சாட்சி என்ற வடசொல் கண்ணை வைத்து எழுந்தது. கண்ணெதிரே கண்டவன் சாட்சி. ஆனால் அந்தச் சொல் வருவதற்கு முன்பே தமிழில் ஒரு சொல் இருந்தது: கரி. திருக்குறளில் சாட்சி என்ற பொருளில் அது வருகிறது. குறுந்தொகையில் 'அறிகரி' என்று வருகிறது, அறிந்த சாட்சி என்ற பொருளில். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் அதற்கு நேர் எதிரான சொல் வருகிறது: அறியாக்கரி.

அந்தக் கதையைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். கோவலன் செய்த நற்செயல்களை மாடலன் அவனிடமே எடுத்துச் சொல்லும் இடம். புகாரில் ஒருவன் ஒரு பத்தினியைப் பற்றி அவள் கணவனிடம் பழி சொல்லிவிடுகிறான். பொய்ச்சாட்சி சொல்பவர்களைப் பிடித்துத் தின்னும் சதுக்கப்பூதம் அவனைப் பாசக்கயிற்றால் கட்டிவிடுகிறது. அவனுடைய தாய் துடிக்கிறாள். கோவலன் குறுக்கே போய், என் உயிரை எடுத்துக்கொண்டு இவனை விடு என்கிறான். ஒரு நல்லவன் உயிரைக் கயவன் உயிருக்கு ஈடாக வாங்க மாட்டேன் என்று மறுத்துவிட்டு, பூதம் அவனைக் கொன்றுவிடுகிறது. பிறகு அந்தத் தாயையும் சுற்றத்தையும் கோவலன் பல ஆண்டுகள் காப்பாற்றுகிறான்.

இங்கே என் மனம் நின்றுவிடுகிற இடம், இளங்கோ போட்ட 'அறியா' என்ற அடைதான். பொய்க்கரி என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம்; புகாரின் பூதத்தைப் பற்றிப் பேசும்போது வேறோர் இடத்தில் அப்படித்தான் சொல்கிறார். இங்கே அறியாக்கரி என்கிறார். தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொன்னான் என்பதையே குற்றத்தின் அடிப்படையாக வைக்கிறார். அதே காப்பியத்தில் பொற்கொல்லன் அறிந்தே பொய் சொன்னான், பாண்டியன் அதை ஆராயாமல் ஏற்றுக்கொண்டான். பொய்க்கரியை அறிகரியாக எடுத்துக்கொண்டதில் கோவலன் உயிர் போயிற்று, மதுரை எரிந்தது.

இதற்கு மறுகரையில் நிற்பவை நம் கல்வெட்டுகள். சோழர், பாண்டியர் காலத்து நில விற்பனை, நிவந்தம் இவற்றின் கடைசி வரிகளைப் படித்துப் பாருங்கள். தானத்தையும் எல்லைகளையும் படித்துவிட்டு அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுவதுதான் பலருக்கும் வழக்கம். எனக்கு அந்தக் கடைசி வரிகள்தான் பிடிக்கும். கையெழுத்துப் போட்டவர்கள் 'இவை என் எழுத்து' என்பார்கள். சாட்சி நிற்பவர்கள் 'இப்படி அறிவேன்' என்பார்கள். 'பார்த்தேன்' என்று அவர்கள் சொல்லவில்லை. அறிவேன். இந்த நிலம் இன்னாருடையது என்று அறிவேன், இவர் மனமொப்பிக் கொடுத்தார் என்று அறிவேன். ஊரார் முன் தன் பெயரோடு, தன் ஊரோடு, தன்மை ஒருமையில் சொன்ன சொல் அது. 'நாங்கள்' என்று கூட்டத்தோடு கூட்டமாக அறிய முடியாது. ஒவ்வொருவரும் தனித்தனியே அறிய வேண்டும்.

எழுதத் தெரியாதவர்களும் அந்த அவையில் இருந்தார்கள். அவர்கள் ஒரு கீறல் போடுவார்கள். அதற்குத் தற்குறி என்று பெயர். இது இன்னாருடைய தற்குறிதான் என்று எழுத்தறிந்த இன்னொருவர் பக்கத்தில் கையெழுத்திடுவார். ஆக, கீறல் போட்டவருக்கு எழுத்து தெரியாது, ஆனால் விஷயம் தெரியும் என்பதை அந்த ஆவணம் ஏற்றுக்கொண்டது. இன்றைக்குத் தற்குறி என்றால் என்ன பொருள்? முட்டாள். கையெழுத்துக்கு வைத்த பெயரை ஆளுக்குப் போட்டு, ஆளை வசவாக்கிவிட்டோம். கைநாட்டு என்ற சொல்லுக்கும் அதே கதி நேர்ந்ததை நாம் நம் காலத்திலேயே பார்த்தோம். எழுத்து இல்லாதவனிடம் அறிவும் இல்லை என்ற எண்ணம் எப்போதோ நமக்குள் புகுந்துவிட்டது. என் கட்சிக்காரர்களை வெளியே கொண்டுவந்ததும் அந்த எண்ணம்தான்.

சட்டம் அப்படி நினைக்கவில்லை என்பதைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 118ஆம் பிரிவு யார் சாட்சி சொல்லலாம் என்பதற்கு வைத்த அளவுகோல் என்ன? படிப்பா, வயதா, சாதியா? எதுவும் இல்லை. கேட்ட கேள்வி புரிய வேண்டும். அதற்குப் பொருத்தமான பதில் சொல்லத் தெரிய வேண்டும். அவ்வளவே. அதாவது, அறிவு. வாய் பேச முடியாதவர் சைகையாலோ எழுத்தாலோ திறந்த நீதிமன்றத்தில் தெரிவித்தால் அதுவும் வாய்மொழிச் சாட்சியமே என்றது அடுத்த பிரிவு. 2023இல் பாரதிய சாட்சிய அதிநியம் என்று புதிய பெயரில் வந்து, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டத்திலும் இந்த அளவுகோல் மாறவில்லை. கேள்வி புரிந்து பொருத்தமாகப் பதில் சொல்வதற்கு அந்த அம்மாளின் பதிலை விடச் சிறந்த உதாரணம் ஒன்றை நான் என் அனுபவத்தில் கேட்டதில்லை.

பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவை கேட்கும் மூன்று சான்றுகளை வக்கீல்கள் பலரும் மேடையில் எடுத்துச் சொல்வார்கள்: ஆட்சி, ஆவணம், காட்சி. வழக்கத்தில் இருப்பது, எழுத்தில் இருப்பது, அயலார் கண்டது. தன்னை அடிமை என்று உரிமை கோரி வந்த கிழவர் கையிலிருந்த ஓலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்தார். அது படியோலை, மூல ஓலை இதோ என்று கிழவர் எடுத்துக் காட்டினார். பாட்டனார் கையெழுத்தை வேறோர் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த வழக்கு ஆவணத்தால் முடிந்தது. இன்றைய வழக்குகளிலும் ஓலை உள்ளவர்களுக்குப் பெரிய சிரமம் இல்லை. ஓலை இல்லாதவர்களுக்குக் காட்சி ஒன்றே கதி. அவர்களுடைய காட்சியை அவை எடுத்துக்கொள்ளாவிட்டால் அவர்களுக்கு என்று எதுவும் மிஞ்சாது.

1968 டிசம்பர் 25 இரவு தஞ்சைப் பக்கத்துக் கீழ்வெண்மணியில் நடந்த தீவைப்பின் வழக்கில் நேர்ந்தது அதுதான். கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். ராமையாவின் குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் எரிந்துபோனார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். தப்பியவர்கள் நீதிமன்றத்துக்கு வந்து யார் வந்தார்கள், யார் தீ வைத்தார்கள் என்று சொன்னார்கள். அந்த முகங்கள் அவர்களுக்கு அன்றாடம் தெரிந்த முகங்கள். அந்த வயலில் நின்று வேலை வாங்கியவர்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்தது. 1973இல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. பெரிய நிலக்கிழார்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்து போய் இப்படிச் செய்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருந்தது. கார் இருப்பது ஒருவரின் கால்களுக்குச் சாட்சியாயிற்று. கண்டவர்களின் கண்கள் சாட்சியாகவில்லை. இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்தால் மன்னிக்க வேண்டும். ஒரு வக்கீலாக எனக்கு இது வெட்கம்.

அந்த மனிதர்கள் அதோடு வாயை மூடிக்கொண்டுவிடவில்லை. பாரதி கிருஷ்ணகுமார் 2005இல் 'ராமையாவின் குடிசை' என்ற ஆவணப்படத்தைக் கொண்டுவந்தபோது, தீக்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்தும் அவர்கள் கேமரா முன் உட்கார்ந்து தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். எழுதித் தருபவர் யாரும் நடுவில் இல்லை. அவரவர் பேச்சு, அவரவர் இழுப்பு, அவரவர் மௌனம். மாணவர்கள் தீர்ப்பையும் படிக்க வேண்டும், படத்தையும் பார்க்க வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்து.

தெரிந்ததை இப்படிச் சொல்வதற்கு 'செலச் சொல்லுதல்' என்ற வள்ளுவர் வழக்கு எனக்கு மிகவும் பிரியமானது. கேட்பவர் மனத்துக்குள் போய்ச் சேரும்படி சொல்வது. ஆங்கிலத்தில் 'விட்' என்பதை நான் தமிழில் சொல்ல வேண்டுமானால் நகைச்சுவை என்று சொல்ல மாட்டேன். செலச் சொல்லுதல் என்பேன். அறிந்தவர் அவைக்கு அஞ்சி அதைச் செலச் சொல்லாவிட்டால் இருந்தும் இல்லாதவரே என்பது வள்ளுவர் கட்சி. அந்த அம்மாள் சொன்னதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். ஆனால் சிரிக்க வைப்பதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. தன் அறிவு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதைப் பிரித்துக் காட்டினார். மணி எனக்குத் தெரியாது, பொழுது தெரியும். தெரியாததைத் தெரியாது என்று ஒதுக்கிவிட்டுத் தெரிந்ததில் காலூன்றி நின்றார். அறிகரி என்பதற்கு இதை விட விளக்கம் வேண்டுமா? அவரை அறியாக்கரியாக ஆக்கியது நாங்கள், ஆறு மணி என்று எழுதி.

அன்னா அக்மதோவா என்ற ரஷ்யக் கவிஞர் 1930களின் பிற்பகுதியில், ஸ்டாலின் காலத்தில், சிறையிலிருந்த மகனுக்காக லெனின்கிராடில் பதினேழு மாதம் வரிசையில் நின்றார். அங்கே ஒருநாள் யாரோ அவரை அடையாளம் சொல்ல, பின்னால் நின்ற ஒரு பெண், இதை உங்களால் எழுத முடியுமா என்று காதோரம் கேட்டாளாம். முடியும் என்றார் அக்மதோவா. எழுதிய காகிதம் வீட்டில் இருந்தால் உயிருக்கு ஆபத்து. ஆகவே வரிகளைத் துண்டுத்தாளில் எழுதி நம்பிக்கையான தோழியிடம் காட்டுவார். தோழி மனப்பாடம் செய்ததும் அக்மதோவா தாளைக் கொளுத்திவிடுவார். அந்தக் கவிதைகள் பல ஆண்டுகள் சில நெருங்கிய நண்பர்களின் ஞாபகத்திலேயே இருந்தன. சோவியத் நாட்டுக்குள் முழுமையாக அச்சேறியது 1987இல்தான். வரிசையில் நின்ற எல்லோருக்கும் துயரம் தெரியும். அந்தப் பெண் தேடியது அதைச் செலச் சொல்லக்கூடிய ஒரு வாயை.

யாழ்ப்பாணத்தில் அப்படிச் சொன்ன இன்னொருவர் ராஜினி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவர். ஊரில் துப்பாக்கி வைத்திருந்த ஒவ்வொரு தரப்பும் மக்களுக்கு என்ன செய்தது என்று, அரசு, இந்திய அமைதிப்படை, இயக்கங்கள் என யாரையும் விடாமல், சக ஆசிரியர்கள் மூவரோடு சேர்ந்து 'முறிந்த பனை' என்ற நூலில் பதிவு செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களின் வீட்டுக்குப் போய், அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதினார். 1989 செப்டம்பர் 21 அன்று வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொன்றார்கள். வயது 35. கிரேக்க மொழியில் சாட்சியைக் குறித்த 'மார்டிஸ்' என்ற சொல்தான் பின்னால் உயிர்த்தியாகியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாயிற்று. இந்தப் பொருள் மாற்றத்தை அகராதியில் படிப்பது சுலபம்.

நம் நீதிமன்றங்களில் சாட்சி பல்டி அடித்துவிட்டார் என்று செய்தித்தாள் போடும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன். பிறழ் சாட்சி என்று ஏளனமாகச் சொல்கிறோம். வாய்தா வாய்தாவாக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து, எதிரிகளோடு அதே வராந்தாவில் அதே பெஞ்சில் காத்திருந்து, அதே பஸ்ஸில் ஊர் திரும்ப வேண்டியவர் அவர். சாட்சிகளைப் பாதுகாக்கும் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்து நாடு முழுக்கச் சட்டமாகக் கருதச் சொன்னதே 2018இல்தான். அதுவரை 'அறிவேன்' என்று சொன்னவர்கள் தங்கள் சொந்தத் துணிச்சலில் சொன்னார்கள். அந்தத் துணிச்சலுக்குப் பிறகும் அவர்கள் சொல்லை நாம் மாற்றி எழுதினால் என்ன நியாயம்?

சாட்சி தமிழில் சொன்னால் தமிழிலேயே பதிவு செய்ய வேண்டும் என்று நடைமுறைச் சட்டம் சொல்கிறது. எந்தத் தமிழ் என்று சொல்லவில்லை. அவருடைய தமிழ் என்பதே என் கட்சி. அடைப்புக்குறிக்குள் வேண்டுமானால் மணியைப் போட்டுக்கொள்ளுங்கள். அவர் சொன்ன நேரத்தை முதலில் எழுதுங்கள்.

அந்த நோட்டை அதன்பிறகு நான் நிறுத்தவில்லை. சாட்சிகள் நேரத்தையும் தூரத்தையும் சொன்ன விதத்தையெல்லாம் எழுதிக்கொண்டே வந்தேன். சாமக்கோழி கூப்பிடும் நேரம், விளக்கு வைக்கிற நேரம், மில் சங்கு ஊதியது, இட்லிக்கு அரிசி ஊறப்போட்டது, கடைசி பஸ் திரும்பிப் போனது. ஒரு கூப்பிடு தூரம். கல்லெறி தூரம். 'ஒரு வெத்தல போட்டுத் துப்புற தூரம்' என்றார் ஒரு சாட்சி. நடந்து பார்த்தேன், ஏறக்குறைய அரைப் பர்லாங் வந்தது. மூன்று நோட்டுகள் ஆகிவிட்டன. இன்றைக்கு அவற்றை இந்த அறக்கட்டளையின் நூலகத்துக்குக் கொடுக்கிறேன். முதல் நோட்டின் முதல் பக்கத்தில் மணியும் பொழுதும் இருக்கின்றன, வேலாமரத்து நிழலும் இருக்கிறது. மூன்றாவது நோட்டில் பாதிப் பக்கங்கள் வெறுமையாக உள்ளன. கோர்ட்டுக்குப் போகத் தொடங்கும் மாணவர்கள் அதில் எழுதலாம். எழுதும்போது எந்த ஊர்ப் பேச்சு, ஆணா பெண்ணா, என்ன தொழில் என்பதையும் ஓரத்தில் குறித்து வையுங்கள். திருத்த வேண்டாம்.